பின்னலாடைத் தொழிற்பயிற்சி, திருப்பூர்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் தையல் பெரும்பாலும் வேலையிடத்திலேயே கற்கப்படுகிறது. புதிதாக வருபவர் பலர் முதலில் கைமடியாகச் சேர்கிறார்கள். தையலருக்குத் துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடித்து அடுக்குவது, நூல் பிசிறு வெட்டுவது இவர்கள் வேலை. உணவு இடைவேளையில் கழிவுத் துணியை எந்திரத்தில் ஓட்டிப் பழகுகிறார்கள். பின்னல்துணி இழுபடும் தன்மையது. அதை இழுக்காமல், சுருக்கம் விழாமல் நகர்த்தக் கை பழகுவதுதான் கடினம். எத்தனை பாடம் கேட்டாலும் துணியைத் தொட்டால்தான் அது வரும். ஓரம் தைக்கும் ஓவர்லாக் எந்திரம் கைவந்தபின் கழுத்துப்பட்டி, பிளாட்லாக் மடிப்பு என்று நகர்வார்கள்.

ஜவுளித் துறையில் முறையான பயிற்சியும் உண்டு. கோவையில் 1956இல் தொடங்கிய சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நூற்பாலைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஒன்றிய அரசு 2017இல் ஜவுளித் திறன் பயிற்சிக்கான சமர்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இத்துறையின் கறை சுமங்கலித் திட்டம். மேற்குத் தமிழகத்து நூற்பாலைகள் பல, இளம்பெண்களைப் பயிலுநர் என்ற பெயரில் மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்துக் குறைந்த ஊதியத்துக்கு வேலை வாங்கின. முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறின. இடையில் நின்ற பலர் அத்தொகையை இழந்தனர். சில மாதங்களில் பிடிபடும் வேலைக்கு மூன்றாண்டுப் பயிலுநர் காலம் வைத்தது உழைப்புச் சுரண்டலே.