தேரை: சாங்வி வட்டாரத்து வயல்வெளி வாழ்வு

மகாராட்டிர மாநிலம் புணேயை ஒட்டி, பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கும் இடத்துக்கு அருகே உள்ளது சாங்வி. இவ்வட்டாரத்தில் பரவலாகக் காணப்படுவது இந்தியத் தேரை (டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்). இது தரைவாழ் உயிரி. முட்டையிட மட்டுமே நீரை நாடுகிறது. மற்ற நாளெல்லாம் வரப்பு, வேலியடி, மாட்டுத்தொழுவம், எருக்குழி என்று மனிதர் புழங்கும் நிலத்திலேயே கழிக்கிறது.

இத்தேரைக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான யோகான் காட்லோப் ஷ்னைடர் (1750–1822). அடிப்படையில் அவர் கிரேக்கமொழி அறிஞர். கிரேக்க–ஜெர்மன் அகராதி தொகுத்தவர். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பதன மாதிரிகளைக் கொண்டு 1799இல் இதனை ‘பூஃபோ மெலனோஸ்டிக்டஸ்’ என்று விவரித்தார். அதே ஆண்டில், அதே நூலில், சிறிய உடலுள்ள சொரித்தேரையையும் (டுட்டாஃப்ரைனஸ் ஸ்கேபர்) அவர் விவரித்தார். உலகின் பெரும்பாலான தேரைகள் நெடுங்காலம் ‘பூஃபோ’ என்ற ஒரே பேரினத்தில் அடைபட்டுக் கிடந்தன. 2006இல் அப்பேரினம் பிரிக்கப்பட்டபோது தெற்காசியத் தேரைகளுக்கு ஒடிசாவின் நீர்நில வாழ்வி அறிஞர் சுசில் குமார் தத்தாவின் பெயரால் ‘டுட்டாஃப்ரைனஸ்’ அமைந்தது. நம் நாட்டு ஆய்வாளர் ஒருவரின் பெயர் இவ்வளவு பரவிய ஓர் உயிரினத்தோடு சேர்ந்தது பொருத்தமானதே.

மகாராட்டிரத்துக்கே உரிய தேரைகளும் உண்டு. கொய்னா பகுதியிலிருந்து 1963இல் சோமன் என்ற ஆய்வாளர் விவரித்த கொய்னாத் தேரை, 2009இல் விவரிக்கப்பட்ட அம்போலித் தேரை ஆகிய இரண்டும் ‘சாந்தோஃப்ரைன்’ பேரினத்தைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் செம்பாறைப் பரப்பில் மழைநீர் தேங்கும் சிறு குழிகளே இவற்றுக்கு நாற்றங்கால். சாங்வி போன்ற சமவெளி வயல்களில் இவை வாழ்வதில்லை.

இந்தியத் தேரையின் தோல் தடித்துக் கரடுமுரடாக இருந்தாலும் ஈரத்தை முழுதாகத் தடுத்து வைக்காது. நீரைத் தேரை வாயால் குடிப்பதுமில்லை. பின்கால்களை விரித்து, அடிவயிற்றை ஈரமண்ணில் அழுத்திப் படுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பகலில் ஈரம் காக்கும் மறைவிடம் கிடைத்தால்தான் அது ஒரு நிலத்தில் தங்கும். வரப்புக் கல்லின் அடி, எலிவளை, நண்டுவளை, கிணற்றுச் சுவரின் இடுக்கு, வைக்கோல் போர் ஆகியவை அவ்வாறானவை. தக்காணத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது அந்த வெடிப்புகளும் உதவுகின்றன. கல்லுக்குள் தேரை வாழ்கிறது என்ற நம்பிக்கைக்கு, கல்லைப் புரட்டும்போதெல்லாம் அது தென்படுவதே காரணம். தேங்காயிலும் குழந்தையிலும் ‘தேரை விழுந்தது’ என்று சொல்வது வீண்பழி.

ஜூனில் பருவமழை இறங்கியதும் ஆண் தேரைகள் தேங்குநீரில் கூடிக் கூவுகின்றன. முட்டைகள் மணிமாலைபோல் நீண்ட பசைச்சரமாக நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும். கரியநிறத் தலைப்பிரட்டைகள் கூட்டமாக மேய்ந்து, சில வாரங்களில் விரல்நகம் அளவுக் குஞ்சுகளாகக் கரையேறும். கரையை ஒட்டிய வரப்பு அப்போது மொட்டையாக இருந்தால் அவை வெயிலில் காய்ந்து மடியும். ஐரோப்பியப் பொதுத் தேரைக்கும் நிலைமை இதுவே. அது குளத்துக்கும் காட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மீட்டர் நடப்பதால், இடையிலுள்ள புதர்வேலிகளும் அதற்கு வாழ்விடமாகக் கொள்ளப்படுகின்றன. குளத்தை மட்டும் காத்தால் தேரை பிழைக்காது.

எறும்பு, கறையான், வண்டு ஆகியவை இந்தியத் தேரையின் முக்கிய உணவு. இரையை விழுங்கும்போது கண்கள் உள்ளே அமிழ்ந்து அதைத் தொண்டைக்குள் தள்ளும். பகை நெருங்கினால் உடலை ஊதிப் பெருக்கித் தலையைத் தாழ்த்தும். கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வெண்ணிற நஞ்சு கசியும். கவ்விய நாய் நுரைதள்ளி விட்டுவிடும், நீர்க்கோலிப் பாம்போ விழுங்கிவிடும். உழவருக்குத் தேரையால் நன்மையே அன்றித் தீங்கில்லை. ஆனால் வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகள் தேரைக்குத் தீங்காகலாம். அவற்றுள் தலைப்பிரட்டைகளுக்குக் கேடு செய்யும் எண்டோசல்ஃபானை 2011இல் உச்சநீதிமன்றம் தடை செய்தது.

வயல்வெளியாக இருந்த சாங்வி இன்று பிம்ப்ரி–சிஞ்ச்வாட் மாநகராட்சிக்குள் அடங்கிய குடியிருப்புப் பகுதி. ஆயினும் தேரைகள் அங்கே தோட்டங்களிலும் சாக்கடையோரங்களிலும் தெருவிளக்கடியிலும் வாழ்கின்றன.