கொல்லிமலைப் பல்லியமும் வானொலி வாத்திய விருந்தமும்

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையைச் சங்க காலத்தில் ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல், பெரும்பாலும் அவனது வில்லாற்றலுக்காகவே பேசப்படுகிறது. ஒரே அம்பு யானை முதல் உடும்பு வரை ஊடுருவிய வேட்டைக் காட்சியை அடுத்து வரும் இசைப் பகுதியோ, தமிழ்நாட்டில் பல கருவிகள் கூடி ஒலித்த முறைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இருந்தும், உரிய கவனத்தைப் பெறவில்லை. பாணர் தலைவன் தான் பாடப்போவதாக விறலியிடம் சொல்லி, முழவின் தோலில் மார்ச்சனை எனப்படும் மண்பூச்சு இடவும், யாழ் நரம்புகளைப் பண்ணுக்கேற்ப நிறுத்தவும், யானைத் துதிக்கை போல் நீண்ட தூம்பை ஊதவும், எல்லரி என்னும் சல்லியையும் ஆகுளி என்னும் சிறுபறையையும் ஒலிக்கவும், பதலை என்னும் ஒருமுகப் பறையை மெல்ல இயக்கவும் ஒன்றன்பின் ஒன்றாக ஏவுகிறான். கருவிகளின் பெயரோடு நில்லாமல், ஒன்றன் ஒலியளவையும் அவன் வரையறுக்கிறான் என்பதே இங்கு ஊன்றிக் கருதத்தக்கது. இறுதியில் அவன் கேட்டு வாங்கும் கருங்கோலை, கூட்டிசையை நடத்தும் கோலாக இன்றைய கண்கொண்டு படிப்பது மிகையாகும். அது பாணர்க்குரிய அடையாளக் கோல் எனக் கொள்வதே பொருந்தும்.

பல இயங்கள், அதாவது பல இசைக்கருவிகள், சேர்ந்தொலிப்பதைப் பழந்தமிழ் பல்லியம் என்றது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் செல்லும் வரிசையைக் கூறுகிறது. அங்கே தனியே நின்று கைகாட்டும் நடத்துநர் எவரும் தேவைப்படவில்லை, முன்செல்லும் கருவியே வழிகாட்டியது.

இசைநடத்துநர் என்னும் பதவியை இந்திய மரபிசைக்குள் நிலைபெறச் செய்ததில் வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கு ஐரோப்பாவில் ஒரு முன்கதை உண்டு: ஜெர்மனியில் 1923 அக்டோபரில் ஒலிபரப்புத் தொடங்கியதை ஒட்டி, நிலையங்கள் தமக்கென மாதச் சம்பளம் பெறும் இசைக்குழுக்களை அமைக்கலாயின. லைப்சிக் குழு 1924இலும், ஹான்ஸ் ரோஸ்பாட் முதல் நடத்துநராக அமைந்த ஃபிராங்க்ஃபர்ட் குழு 1929இலும் தோன்றின. பெர்லினில் பயின்ற யூத இசையறிஞர் வால்டர் காஃப்மன், நாஜி ஆட்சியின் நிழலிலிருந்து விலகி 1934இல் பம்பாய்க்கு வந்து, பின்னர் அந்நகர வானொலியின் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார்; விடியற்காலையில் பல தலைமுறைகளை எழுப்பிய அகில இந்திய வானொலியின் முகப்பிசை அவர் அமைத்ததே. டெல்லி நிலையத்தில் ஆங்கிலேயர் ஜான் ஃபோல்ட்ஸ், சுரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பழக்கமில்லாத இந்தியக் கலைஞரைக் கொண்டே ஓர் இந்திய–ஐரோப்பியக் குழுவை உருவாக்க முயன்றார். 1939இல் கல்கத்தாவில் காலரா அவர் உயிரைக் கொண்டுபோனதால் அம்முயற்சி முளையிலேயே நின்றது, இது நம் இசை வரலாற்றின் உண்மையான இழப்பு.

அகில இந்திய வானொலியின் இசைக்குழுவான தேசிய வாத்திய விருந்தம் 1952இல் டெல்லியில் அமைந்தபோது, இந்துஸ்தானி இசைக்கு சிதார்க் கலைஞர் ரவிசங்கரும், கர்நாடக இசைக்கு வயலின் வித்வான் டி. கே. ஜெயராம ஐயரும் நடத்துநர்களாயினர். கலைஞர் ஒவ்வொருவரும் மேடையிலேயே கற்பனையால் ராகத்தை விரிக்கும் மரபில், இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே சங்கதியை ஒரே அளவில் வாசிக்க வேண்டுமெனில், கற்பனையின் பெரும்பகுதி முன்கூட்டியே எழுத்தில் உறைய வேண்டியிருந்தது. ஐரோப்பிய முறையில் சுரங்களை அடுக்கி ஒலிக்கும் ஒத்திசைவைப் புகுத்தினாலோ ராகத்தின் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, மங்கிவிடும். ஆகவே கருவிக் கூட்டங்களை மாற்றி மாற்றிப் பேசவிடுவதும், ஒரு கருவியைத் தனித்து எழவிட்டுப் பிறவற்றைத் தாழ்த்துவதுமே தகுந்த வழிகளாயின. ரவிசங்கர் 1956இல் விலகியபின் புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ் அப்பொறுப்பை ஏற்று 1960இல் மறையும்வரை வகித்தார். சென்னை வானொலியிலும் ஜெமினி ஸ்டுடியோவிலும் பணியாற்றித் தேர்ந்த வைணிகர் ஈமனி சங்கர சாஸ்திரியும் பின்னாளில் டெல்லியில் அக்குழுவை நடத்தினார். வங்கத்துக் குழலும் ஆந்திர வீணையும் அக்குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, நடத்துநர்கள் கையசைவைக் காட்டிலும் தம் கருவியின் நாதத்தாலேயே அதை வழிநடத்தக் கற்றிருந்தனர்.