வேலை தேடித்தருபவருக்குக் கற்பிப்பது யார்?

வேலையில்லாப் பிரச்சினை பற்றி எமது பத்திரிகைகளில் எழுதப்பட்டவை ஏராளம். நானும் நிறையவே எழுதியிருக்கிறேன். ஆனால், வேலை தேடுவோருக்கும் வேலை கொடுப்போருக்கும் நடுவே அமர்ந்திருக்கும் அரசாங்க உத்தியோகத்தர் அப்பணிக்கு எவ்வாறு தயார்செய்யப்படுகிறார் என்று நாம் கேட்பதில்லை. அவருடைய கதைக்கு நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1907 இல் ஜேர்மனிக்குச் சென்று அங்குள்ள தொழில் நிலையங்களைப் பார்வையிட்டுத் திரும்பியவர் வில்லியம் பெவரிட்ஜ். அவருடைய யோசனையை ஏற்று, அமைச்சராகவிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் 1909 இல் சட்டமொன்றைக் கொண்டுவந்தார். 1910 பெப்ரவரி 1 ஆம் திகதி பிரிட்டனின் முதலாவது அரச தொழில் நிலையங்கள் திறக்கப்பட்டன. தொழிலாளி வாயில் வாயிலாக அலையாமல், வேலை பற்றிய தகவல் அவரைத் தேடிவர வேண்டும் என்பதே நோக்கம். அதற்குத் தத்தமது பகுதியின் தொழில்களை நன்கறிந்த உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டனர்.

நடந்தது வேறு. 1911 ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டத்தின் கீழ், 1913 ஜனவரி முதல் வாரமொன்றுக்கு 7 ஷிலிங் உதவிப்பணம் இதே நிலையங்களில் வழங்கப்பட்டது. வறியவர்களுக்கு அது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால், வேலை தேடித்தரவேண்டியவர் கொடுப்பனவுகளைச் சரிபார்க்கும் எழுதுவினைஞராக மாறினார். 1973 இல் தொடங்கிய புதிய வேலை நிலையங்கள் இவ்விரு பணிகளையும் பிரித்தன. 2002 இல் அவை மீண்டும் ஒன்றாக்கப்பட்டன.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1948 இல் நிறைவேற்றிய 88 ஆம் இலக்க சமவாயம், வேலைவாய்ப்புச் சேவையின் ஊழியர்கள் தமது கடமைகளுக்குப் போதிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. இச்சிறு வாசகத்தை அலட்சியம் செய்வதன் விலை என்ன என்பதை 2002 இல் ஜேர்மனி அறிந்துகொண்டது. அங்குள்ள கணக்காய்வாளர்கள் ஐந்து அலுவலகங்களைப் பரிசோதித்தபோது, வேலை பெற்றுக்கொடுத்ததாகக் காட்டப்பட்ட பதிவுகளில் ஏறத்தாழ 70 சதவீதமானவை பிழையென்று தெரியவந்தது. தலைவர் பதவி விலகினார். நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டது. 2006 இல் அந்த நிறுவனம் மன்ஹைம், ஷ்வெரின் ஆகிய நகரங்களில் தனது ஊழியர்களுக்கெனவே ஓர் உயர்கல்வி நிறுவனத்தை அமைத்தது. மாணவர்கள் சில மாதங்கள் வகுப்பிலும் சில மாதங்கள் அலுவலகத்திலுமாகக் கற்கிறார்கள். சேவையில் புதுமை செய்ய விரும்பியவர்கள் ஊழியரின் கல்வியையும் கவனிக்க நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எமக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஏப்ரல் கிளர்ச்சி நிகழ்ந்த அதே 1971 இல், டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் ஸ்தாபனத் தூதுக்குழு இலங்கை பற்றி அறிக்கை சமர்ப்பித்தது. படித்த இளைஞரின் எதிர்பார்ப்பும் கிடைக்கக்கூடிய வேலைகளும் பொருந்தவில்லை என்பதே அதன் சாரம். மாறிமாறி வந்த அரசாங்கங்கள் கண்ட இலகுவான பரிகாரம், பட்டதாரிகளை அரச சேவையிலேயே சேர்த்துக்கொள்வதாகும். 2020 இலும் அதுவே நடந்தது.

அவ்வாறு நியமனம் பெற்ற பலர் இன்று பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக இருக்கிறார்கள். வேலைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதன் வேதனையை அவர்களைவிட அறிந்தவர் யார்? தமது பிரதேசத்தின் பட்டறைகள், ஆடைத் தொழிற்சாலைகள், உல்லாச விடுதிகள், பண்ணைகள் ஆகியவற்றுக்குச் சென்று முதலாளிமாருடன் பேசவும், எதிரே வந்தமரும் இளைஞனின் திறமையை இனங்காணவும் அவர்களுக்கு முறையாகக் கற்பித்தால், அந்தச் சம்பளப் பணம் வீணாகாது. கற்பிக்காவிட்டால், நாம் வரிசையின் முன்பக்கத்தில் நின்றவர்களை மேசைக்கு அப்பால் அமர்த்தியதோடு சரி. வரிசை அப்படியே இருக்கும்.