ஒட்டுப்பால் பந்தும் பட்ட இடமும்

விடியுமுன் மரத்தடிக்கு வரும் பால்வெட்டுக்காரர் உடனே கத்தியை வைப்பதில்லை. முந்தைய வெட்டின் சாலில் உறைந்து கிடக்கும் ரப்பர் நாடாவை முதலில் நகத்தால் நெம்பி உரித்தெடுப்பார். அதுதான் ஒட்டுப்பால். பால் வடியும் சிரட்டையின் அடியில் கட்டிக் கிடப்பதற்கும் அதே பெயர். ரப்பர் ஷீட்டுக்குக் கிடைக்கிற விலை இதற்குக் கிடைக்காது, ஆனாலும் காசுதான். ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை பக்கத்துச் சிறுவர்களின் பந்து பெரும்பாலும் ஒரு சின்னத் திருட்டில்தான் பிறக்கும்.

நாடாவை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் பந்து செத்த பந்து. நன்றாகச் சுற்றியது தரையில் பட்டால் எங்கே எகிறும் என்று அதற்கே தெரியாது. முதுகில் பட்டால் சிவந்து தடிக்கும்.

அதற்காகத்தானே சுற்றுவது? எறிபந்தில் பந்து யார் கையில் சிக்குகிறதோ அவன் எறிவான், மற்றவர்கள் ஓடுவார்கள். ஓட்டுத்துண்டுகளை அடுக்கி ஆடும் ஆட்டத்திலும் திரும்ப அடுக்க வருகிறவன் மேல் எறிந்துதான் அவனை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். ஆளை அடிப்பது இங்கே குற்றம் இல்லை, அதுவே ஆட்டம். தடை ஒன்றுதான்: “லேய், மண்டையில எறியப்பிடாது.” மண்டையில் பட்டால் எறிந்தவன் வெளியே. தெரியாமல் பட்டது, கை வழுக்கிவிட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பான். யாரும் கேட்கமாட்டார்கள். எங்கே பட்டது என்பதுதான் விசாரணை, எதற்காக எறிந்தாய் என்பது அல்ல.

ரப்பர் பந்தின் மூதாதை மெக்சிகோவில் இருக்கிறது. 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்குள்ளவர்கள் வேறொரு மரத்தின் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து பந்து செய்தார்கள். கிலோக் கணக்கில் கனக்கும் அந்தப் பந்தை இடுப்பால் தட்டி ஆடினார்கள். பந்து பட்டு ரத்தம் கட்டிய இடத்தைக் கீறி விட்டார்கள் என்றும், சிலர் ஆட்டத்திலேயே செத்து விழுந்தார்கள் என்றும் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ துரான் எழுதியிருக்கிறார். நம் தோட்டத்து மரம் பிரேசில் சாதி. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அதன் விதைகளில் சுமார் 70,000-ஐ லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மலைகளிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது ரப்பரும் சேர்ந்து வந்தது.

மெக்சிகோவுக்கு வடக்கே, அமெரிக்காவில், ரப்பர் இன்னொரு பந்துக்குள் ஒளிந்துகொண்டது. பேஸ்பால் பந்தின் நடுவில் தக்கை, அதற்கு ரப்பர் உறை, அதன்மேல் கம்பளி நூல், வெளியே தோல். எடை 150 கிராமுக்குள்தான். ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில் பந்தெறிபவர் கார்ல் மேஸ் எறிந்த பந்து, மட்டை பிடித்து நின்ற ரே சாப்மேனின் தலையில் பட்டது. சத்தத்தைக் கேட்ட மேஸ், பந்து மட்டையில் பட்டதென்று நினைத்து அதை எடுத்து முதல் தளத்துக்கு வீசினார். மறுநாள் விடிகாலையில் சாப்மேன் இறந்தார். மேஸ் வேண்டுமென்று எறிந்தாரா என்ற கேள்வி அவர் சாகும்வரை அவரை விடவில்லை.

உடம்பில் பந்து பட்டால் அடிப்பவருக்கு முதல் தளம் இலவசம். அது எழுதிய விதி. எழுதாத விதி வேறு: எங்கள் ஆளை அடித்தால் உங்கள் ஆளை அடிப்போம். பழிக்கு நிற்பவன் பெரும்பாலும் எந்தத் தப்பும் செய்யாதவன். 1973-இல், அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், பந்தெறிபவருக்குப் பதிலாக இன்னொருவர் மட்டை பிடிக்கலாம் என்று ஆனது. 2022 முதல் இரண்டு லீக்கிலும் அப்படித்தான். எறிகிறவன் அடிவாங்கும் இடத்தில் நிற்பதே அநேகமாக இல்லாமல் போயிற்று. எறிபந்தில் இந்தச் சௌகரியம் கிடையாது; அடுத்த நிமிடம் பந்து எதிராளி கையில் இருக்கும். பேஸ்பாலில் வேண்டுமென்றே எறிந்தவரை நடுவர் வெளியேற்றலாம்தான். ஆனால் அதற்கு அவர் எறிந்தவரின் மனசைப் படித்தாக வேண்டும். எறிந்தவரோ பந்து நழுவிவிட்டது என்பார்.

கிரிக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. 1962 மார்ச்சில் பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். அதே ஆண்டு வேலூரில் டாக்டர் சாண்டி உடைந்த இடத்தில் உலோகத் தகடு பொருத்தினார். கான்ட்ராக்டர் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. பந்து கையை விட்டுக் கிளம்பிய நேரத்தில் பெவிலியனில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், கவனம் சிதறிவிட்டது என்றுதான் அவர் சொல்லிவந்தார். கிரிஃபித்தைக் குறை சொல்லவில்லை. கான்ட்ராக்டரின் பெருந்தன்மையை மெச்சலாம். ஆனால் எறிந்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதால் எலும்பு குறைவாக உடையவில்லை. அந்தத் தகட்டை 60 ஆண்டு கழித்து, 2022-இல், மும்பையில்தான் எடுத்தார்கள்.

இன்றைய கிரிக்கெட் விதி 41 இந்த இடத்தில் பேஸ்பாலைவிடத் தெளிவு. குத்தி எழும் பந்து ஆபத்தானதா என்று பார்க்கும்போது நடுவர் வேகம், நீளம், உயரம், திசை, எதிரே நிற்பவரின் திறமை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பந்துவீசியவர் என்ன நினைத்தார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ரப்பர்க் காட்டுப் பையன்களிடம் வாசித்துக் காட்டினால், இதையா இத்தனை நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.