வழக்கறிஞர் உரிமமும் விடுபட்டுப்போன பயிற்சியும்

சட்டப் பட்டம் பெற்று மாநில பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்பவர், இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறியாக வேண்டும். மொத்தம் 100 கேள்விகள். கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் மதிப்பெண் குறையாது. குறிப்புரை இல்லாத சட்ட நூல்களை உடன் கொண்டுசெல்லலாம். இந்தத் தேர்வு வேண்டுமா என்ற விவாதம் 2023இல் முடிந்துவிட்டது. ஒருவரிடம் இன்னொருவரின் விடுதலையையும் சொத்தையும் ஒப்படைக்க இது மட்டும் போதுமா என்ற கேள்வி முடியவில்லை. போதாது என்பதும், 1973இல் கைவிடப்பட்ட பயிற்சியை உதவித்தொகையோடு மீட்டெடுக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பயிற்சியை மறந்துவிடவில்லை. பட்டதாரி முதலில் பயிற்சி பெற வேண்டும், பிறகு தேர்வில் தேற வேண்டும், இரண்டையும் மாநில பார் கவுன்சில் வகுக்கும் என்று அதன் 24(1)(ஈ) பிரிவு கூறியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை முழுதாக நீக்கியது. சட்டப் படிப்பே மூன்றாண்டுகளாகிவிட்ட நிலையில் தனிப் பயிற்சி மிகை என்று கருதப்பட்டது. இந்திய பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சியை விதிகள் வழியே மீண்டும் கொண்டுவந்தபோது, வி. சுதீர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்தது. பயிற்சியால் பயனில்லை என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை விதிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்றே சொன்னது. 2023 பிப்ரவரி 10 அன்று போனி ஃபோய் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நிலைப்பாட்டை ஏற்க மறுத்து, 2011 முதல் நடந்துவரும் பார் தேர்வு செல்லும் என்றது. ஆக, கால் நூற்றாண்டாகக் குறுக்கே நின்ற சட்டத் தடை விலகிவிட்டது. கிடைத்த அதிகாரம் தேர்வோடு நின்றுவிட்டதுதான் வருத்தத்துக்குரியது.

சட்டத்தின் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதைத் தேர்வு சோதிக்கிறது. ஜாமீன் மனுவில் எந்த உண்மையை முதலில் வைப்பது, கட்சிக்காரர் கலங்கிச் சொல்லும் கதையிலிருந்து வழக்குக்கான காரணத்தைப் பிரித்தெடுப்பது எப்படி, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது: இவற்றுக்கு நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தாளில் இடமே இல்லை. காலவரம்பு கடந்து தாக்கல் செய்த ஒரு மனுவால் ஒரு குடும்பம் தன் நிலத்தை இழக்கலாம். அந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர் வழக்கறிஞர் அல்லர். 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் களப்பயிற்சி கேட்கின்றன. அது பல இடங்களில் சான்றிதழில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது என்பது சட்டக் கல்லூரி வட்டாரம் நன்கறிந்த செய்தி.

பிற தொழில்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. மருத்துவ மாணவர் இறுதித் தேர்வில் தேறிய பிறகும், 12 மாதம் மருத்துவமனையில் சுழற்சிப் பயிற்சி முடிக்காமல் முழுப் பதிவு பெற முடியாது. பட்டயக் கணக்காளராக விரும்புபவர் ஆடிட்டரிடம் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்க வேண்டும்; 2023க்கு முன் அது மூன்றாண்டு. இரண்டிலும் உதவித்தொகை உண்டு. நீதித்துறையே கூட அனுபவத்தின் தேவையை ஒப்புக்கொண்டுவிட்டது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டு வழக்கறிஞர் பணி வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீட்டது. தீர்ப்பு எழுத அனுபவம் வேண்டும். அந்தத் தீர்ப்பால் வாழவோ வீழவோ போகிறவருக்காகப் பேச அது வேண்டாம் என்பது எந்த நியாயம்?

பயிற்சிக்கு எதிரான வாதங்களில் ஒன்று உண்மையிலேயே வலுவானது. வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாவின் அலுவலகமே பயிற்சிக்களம். குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு அணிபவரோ சீனியர் தருவதை வாங்கிக்கொண்டு, வாய்தா வாங்கியே ஆண்டுகளைக் கழிக்க நேர்கிறது. சம்பளமற்ற பயிற்சியைக் கட்டாயமாக்கினால் அவர்தான் முதலில் வெளியேறுவார். சட்டம் நிர்ணயித்த 750 ரூபாயைத் தாண்டிப் பல்லாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்கப்பட்டதையும், கௌரவ் குமார் வழக்கில் 2024இல் அது தடுக்கப்பட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் தரும்படி இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சொன்னது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே, கொடுக்காதவரைக் கேட்பாரில்லை.

எனவே பயிற்சியும் பணமும் ஒரே விதியில் பிணைக்கப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இயங்குகின்றன. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள் வருமிடம் அது. புதிய பட்டதாரி ஓராண்டில் ஒரு பகுதியை அங்கும் மறுபகுதியைத் தகுதிபெற்ற சீனியரிடமும் கழிக்கட்டும். உதவித்தொகையை அரசும் பார் கவுன்சிலும் பகிர்ந்துகொள்ளட்டும். வரைந்த மனுக்களும் நடத்திய விசாரணைகளும் மதிப்பிடப்படட்டும். தேர்வு அதன் பிறகு வரட்டும். இதற்கான விதியை இயற்ற இந்திய பார் கவுன்சில் இனியும் தாமதிக்கக் கூடாது.