இனவெறி எதிர்ப்பு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

இனவெறி எதிர்ப்பு என்பது பிறப்பு, நிறம், மொழி, வந்த ஊர் ஆகியவற்றைக் காட்டி மனிதரைத் தாழ்த்துவதை எதிர்க்கும் சமூகச் செயல்பாடு. அப்படித் தாழ்த்துவதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கும் ஆய்வுமுறையும் ஆகும். இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இனம், சாதி ஆகியவற்றோடு பிறந்த இடத்தையும் சேர்த்தே பாகுபாட்டைத் தடுக்கிறது.

சென்னையை அடுத்த இவ்வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990களின் இறுதியில் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசானும் கார் உற்பத்தியைத் தொடங்கின. பின்னாலேயே உதிரிபாகத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகின. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வேலை தேடி வந்தனர். ஒடியாவும் வங்கமும் சந்தாலியும் பேசுகிற இவர்கள் அனைவருக்கும் இங்கே ஒரே பெயர்: 'வடக்கன்'. திசையைச் சுட்டிய சொல், இன்று வசைச்சொல். இப்பெயரில் பாஸ்கர் சக்தி இயக்கிய படம், தணிக்கை வாரியம் தலைப்பை ஏற்காததால் 2024இல் 'ரயில்' என்று வெளியானது. சொல்லோ டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் அப்படியே இருக்கிறது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. வேறிடத்துச் சம்பவங்களே அப்படிக் காட்டப்பட்டன. காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பொய்தான். ஆனால் அதை நம்பிப் பயந்தவர்களின் பயம் பொய்யல்ல. அன்றாடம் காதில் விழும் ஏளனம் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

இந்த ஏளனத்தைப் புரிந்துகொள்ள ஒரு தமிழரின் சிந்தனை உதவும். 1958இன் தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் சென்ற அம்பலவாணர் சிவானந்தன், அங்கும் இனக்கலவரத்தையே கண்டார். பின்னர் அங்குள்ள இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பல்லாண்டு பணியாற்றினார். பிழைப்புக்காக இடம்பெயர்ந்த ஏழை வெள்ளையரும் இனவெறிக்கு ஆளாவதைச் சுட்டிக்காட்டி, அதற்கு நிறம் கட்டாயமில்லை என்றார். ஒரகடத்துக்கும் இது பொருந்தும். நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், காண்ட்ராக்ட் ஆள் என்று ஒரே லைனில் நிற்போரிடையே சம்பளம் பிரியும்போது, 'குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைப் பறிக்கிறான்' என்ற கோபம் கூலியை நிர்ணயிப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவன்மேல் பாய்கிறது.

கூலியைப் பற்றிச் சட்டம் சொன்னது வேறு. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. கூலி விவரத்தைத் தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுதி, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஒன்றை ஒப்பந்தக்காரர் அவரிடம் தரவேண்டும் என்றும் விதித்தது.