கூரை தாழ்த்திய கார்கள்

மரக்காணத்து உப்பளங்களைக் கோடையில் கண்டவர்கள் அந்நிலத்தின் சமதளத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். பாத்திகளுக்கு அப்பால் பாத்திகள், இடையிடையே வெண்குவியல்கள், ஒதுங்க ஒரு மரமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கி விரையும் கார்கள் அவ்வெளியை ஓரமாகக் கடந்துவிடுகின்றன. காரும் உப்புவெளியும் ஒருசேரக் கண்ணில் படும்போது, பூமியின் மறுபக்கத்திலுள்ள இன்னோர் உப்புவெளியும் அங்கே பெயர்பெற்ற விந்தையான கைத்தொழில் ஒன்றும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய காரின் கூரையை அறுத்து, சில அங்குலங்களைக் களைந்து, தாழ்த்தி மீண்டும் பற்றவைக்கும் தொழில் அது.

கலிபோர்னிய இளைஞர்கள் 1930களில் மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை ஓட்டி வேகம் அளந்து பார்த்தனர். அவர்களுடைய சங்கங்கள் 1937-இல் ஒரே அமைப்பாகத் திரண்டன. அவ்வமைப்பு 1949-இல் தன் போட்டியை யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளிக்குக் கொண்டு சென்றது. அக்காலக் கார்களின் முன்கண்ணாடி சுவர்போல் நிமிர்ந்து நின்று காற்றோடு மோதும். எஞ்சினின் வலுவைக் கூட்டப் பணம் வேண்டும். கூரையைத் தாழ்த்த ஓர் இரம்பமும் கேஸ் வெல்டிங்கும் துணிவும் போதும். இல்லாமையில் பிறந்த கலை இது.

சொல்ல எளிது, செய்வது கடினம். முதலில் கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டைகளை வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையேல் கூரை விடுபட்டதும் உடற்கூடு கோணிக்கொள்ளும். பிறகு தூண்களை அளந்து அறுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. கார்த் தூண்கள் மேலே செல்லச் செல்ல உள்நோக்கிச் சாய்பவை. இடையில் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ஆகவே தூண்களைச் சாய்க்க வேண்டும், அல்லது கூரையையே பிளந்து இடையில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். கதவுச் சட்டங்களையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். தட்டையான கண்ணாடியை வெட்டிவிடலாம். வளைந்த கண்ணாடி பெரும்பாலும் உடையும். 1935-இல் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவரும்வரை பெரும்பாலான கார்க் கூரைகளின் நடுப்பகுதி துணியால் மூடப்பட்டிருந்தது. அவற்றில் இவ்வேலை சற்றே எளிது.

வேகத்திற்காகத் தொடங்கியது பின்னர் அழகுக்காகத் தொடர்ந்தது. சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்னும் சகோதரர்கள் பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக 1951-ஆம் ஆண்டின் மெர்க்குரி காரின் கூரையைத் தாழ்த்தி, நடுத்தூணை நீக்கிக் கொடுத்தனர். அந்தக் கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2022 ஜனவரியில் ஏறத்தாழ 20 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. தொழிற்சாலை செய்ததற்காக அன்று, பட்டறை மாற்றியதற்காகவே அது வரலாறாயிற்று என்பது இங்கே கருதத்தக்கது.

இனி நம் ஊருக்கு வருவோம். காரின் உடற்கூட்டை உள்ளூரில் கட்டுவது நமக்குப் புதிதன்று. 1840-இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபோர்டு நிறுவனம் 1926-இல் இந்தியாவில் கால் பதித்தது. சென்னையிலும் கார்களைப் பூட்டி விற்றது. 1953-இல் அரசு, உற்பத்தித் திட்டமின்றி வெறுமனே பூட்டி விற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று முடிவெடுத்ததும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. நிறுவனங்கள் போயின, கார்கள் தங்கிவிட்டன. உதிரிபாகம் கிடைக்காத அக்கார்களை டிங்கர்களும் லேத் பட்டறைகளும் காப்பாற்றினர். பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. பின்னிருக்கை போய்ச் சரக்குத் தட்டு வந்தது.

கூரையும் அறுபட்டது. நம் மூத்தோர் நினைவிலுள்ள ஜானவாசக் காரை எண்ணிப் பார்ப்போம். முன்னே நாகசுரமும் தவிலும், இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், நடுவே படகுபோன்ற திறந்த அமெரிக்கக் காரில் மாப்பிள்ளை. அவற்றுள் பிறவியிலேயே மடக்குக் கூரை கொண்டவை சில. மூடிய காரைக் கூரை அறுத்துத் திறந்தவை சில. தனிச் சட்டத்தின்மேல் உடற்கூடு அமைந்த பழைய அமெரிக்கக் கார் இதைத் தாங்கும். உடற்கூடே சட்டமாக அமைந்த அம்பாசிடர் போன்ற காரில் கூரை போனால் நடுவே தொய்யும். அமெரிக்க இளைஞன் காற்றை வெல்லக் கூரையைத் தாழ்த்தினான். நாம் மாப்பிள்ளையை ஊருக்குக் காட்டக் கூரையை அகற்றினோம்.

இந்தக் கார்களின் இன்றைய நிலை என்ன? 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 50 ஆண்டு கடந்த வாகனம் மூல வடிவிலேயே இருந்தால்தான் பழம்பெரும் வாகனமாகப் பதிவுபெறும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் கண்டிருந்தால் அத்தகுதி இல்லை. உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சாலைப் பாதுகாப்பை எண்ணினால் இதில் பிழையில்லை. கார் உருண்டால் உயிரைக் காப்பவை அத்தூண்களே. அரிய கார் ஒன்றை அறுப்பதைக் காணப் பொறாத ஆர்வலரின் வருத்தமும் நியாயமானதே.

ஆயினும் நேற்று அறுப்பது வேறு, அறுபது ஆண்டுகளுக்கு முன் அறுத்தது வேறு. பின்னதைப் பழைய வடிவுக்குத் திருப்புவதாகக் கூறி வெட்டுத் தழும்பை மறைத்தால், அப்பட்டறைக்காரரின் கையெழுத்து அழிந்துபோகும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தத் தழும்பு ஒன்றே அவருடைய ஆவணம். சாலையில் ஓட்ட அனுமதி இல்லையெனினும், அருங்காட்சியகத்தில் அதற்கு ஓரிடம் உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு ஏற்றிச் சென்ற உமணர், வழியில் முறியக்கூடும் என்று மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்கியிருக்கிறார். தச்சன் செய்து முடித்ததோடு வண்டி முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த உமணர் அறிந்திருந்தனர். பாதைக்கேற்ப அதைத் திருத்திக்கொண்டவர்களும் அதைச் செய்தவர்களே.